நான்தான் சார் என்று சொன்னவர்

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. பாகூர்ப் பக்கம் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றோம். அது போதும். பேரை எழுதினால் யாராவது போய் அவரிடம் இதைப் படித்துக் காட்டுவார்கள். அவரும் உடனே, ஆமாம், எல்லாம் என் தப்புதான் என்று சொல்லிவிடுவார். அப்புறம் நான் இதை எழுதியதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

திருபுவனையில் ஒரு சின்னக் கம்பெனி. மோட்டாருக்குள் போகிற இரும்பு வளையங்களைக் கடைந்து கொடுக்கும் இடம். பெண்களுக்கு சிஎன்சி லேத்தில், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடைகிற மிஷினில், மூன்று மாதப் பயிற்சி, தேறினவர்களுக்கு ஆபரேட்டர் வேலை என்று சொன்னார்கள். ஆறு பேர் சேர்ந்தோம். நான் கரிக்கலாம்பாக்கம். அதற்கு முன் வில்லியனூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் என்னை அனுப்பும்போதே கெடு வைத்துத்தான் அனுப்பினார். "மூணு மாசம் போய்ப் பாரு. வேலை குடுத்தா சரி. குடுக்கலன்னா வூட்ல இரு. அதுக்கப்பறம் அங்க போறேன் இங்க போறேன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது." சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டும்போது அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. முதல் நாள் அந்த மிஷின் முன்னால் நின்றபோதுதான் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. ஒரு திரை, அதற்குக் கீழே அறுபது எழுபது பொத்தான்கள், எல்லாம் இங்கிலீஷில். நான் நிரந்தரமாக வீட்டுக்குள்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சூப்பர்வைசருக்கு இருபத்தாறு வயது இருக்கும். விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை. கெட்டவர் இல்லை, எங்கள் எல்லோரையுமே அக்கா என்றுதான் கூப்பிடுவார், ஆனால் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பேசுவார். இரும்பைக் கவ்விச் சுழற்றுகிறது சக், வெட்டுகிறது டூல், டூல் நகரும் திசையில் இது எக்ஸ், இது இசட், சக்கைப் பார்த்துப் போனால் மைனஸ், திரும்பி வந்தால் பிளஸ். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. எக்ஸ் இருக்கிறது, இசட் இருக்கிறது, நடுவில் இருந்த ஒய் எங்கே போயிற்று என்ற கவலையிலேயே நின்றுவிட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை, கேட்டும்விட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே, "யாருக்கா அது ஒய்ய கேட்டது?" என்றார், கொஞ்சம் கடுப்பாக.

"நான்தான் சார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதுதான் அக்கா. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக, நேராக நின்றுகொண்டிருந்தார். லேத்துக்கு ஒய் தேவையில்லை என்று சூப்பர்வைசர் அவருக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். எனக்குத் தேவையான பதில் அவருக்குப் போயிற்று. எனக்கு உதவி செய்கிறாரா, இல்லை தானும் அதையே கேட்க நினைத்தாரா என்று அப்போதே எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு பார்த்தால் எல்லாவற்றுக்கும் அவர்தான். அலாரம் அடித்து சிவப்பு விளக்கு எரிந்தால், யார் எதை அமுக்கினது என்று கேட்டு முடிப்பதற்குள் "நான்தான் சார்." கதவைச் சரியாகச் சாத்தவில்லை, "நான்தான் சார்." ஒருமுறை கரண்டே போய்விட்டது. இருட்டில் சூப்பர்வைசர், "இன்னா ஆச்சு?" என்று கத்தினார். பக்கத்தில் அக்கா வாயைத் திறப்பது எனக்குக் கேட்டது. சட்டென்று அவர் கையைப் பிடித்துக் கிள்ளினேன். இல்லையென்றால் திருபுவனை முழுக்கக் கரண்ட் போனதற்கும் பொறுப்பு ஏற்றிருப்பார். பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால், மிதித்தவரைப் பார்த்து, "காலை நீட்டிட்டேன்பா, தப்பா எடுத்துக்காத," என்பார்.

ஆரம்பத்தில் எங்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. போகப் போக வசதியாகிவிட்டது. ஒரு நாள் எங்களில் ஒருத்தி மைக்ரோமீட்டரைக் கீழே போட்டுவிட்டாள். இரும்பின் கனத்தைத் தலைமுடி அளவுக்குத் துல்லியமாக அளக்கிற கருவி அது, விழுந்தால் கணக்கு மாறிவிடும். அக்கா வழக்கப்படி தான்தான் என்றார். ஒரு வாரம் அவர் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போட்டவள் தினமும் அளந்து பழகினாள், அக்கா ஓரமாக நின்று பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

ஏன் இப்படி என்று கேட்காமல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் கொண்டுவரும் நெத்திலிக் குழம்பை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"எங்க மாமியா வூட்ல பதினோரு பேருடி," என்றார். "ஒரு டம்ளரு உடஞ்சா சாயந்தரம் வரிக்கும் பஞ்சாயத்து. யாரு ஒடச்சது, யாரு ஒடச்சது. நான்தான்னு சொல்லிட்டா அஞ்சு நிமிசம் திட்டுவாங்க, முடிஞ்சிடும். நான் மீனு கூடைய தூக்கிக்கினு கெளம்பிடுவேன்."

இது எனக்குப் புரிந்தது. இரண்டு வாரம் கழித்து அதையே மறுபடி கேட்டபோது வேறு மாதிரி சொன்னார். "யாருக்குத் தெரியும், நெசமாவே நானா கூட இருக்கலாம் இல்ல? அந்த மிஷின்ல நான் எதத் தொட்டேன் எதத் தொடலன்னு எனக்கே நெனப்பு இருக்கறதில்ல." இதைச் சொன்னபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. எது உண்மை என்று நான் குழம்பிப்போனேன். அந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

அக்காவுக்கு அந்த வேலை எனக்கு வேண்டியதைவிட அதிகமாக வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இருபது வருஷம் ஊர் ஊராக மீன் கூடை சுமந்தவர். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் தலையில் எதையும் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பத்தாவது பாஸ் பண்ண சர்ட்டிபிகேட்டு பொட்டியில தூங்கிக்கினு இருந்துது. எழுப்பி இட்டுக்கினு வந்துட்டேன்," என்று சிரிப்பார். கழுத்தைத் திருப்ப முடியாததால் முழு உடம்போடுதான் திரும்புவார். திரையைப் பார்த்து, பொத்தானைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்ப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் விடமாட்டார். உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு பொத்தானின் பேரையும் சொல்லிப் பார்ப்பார்.

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம் அந்தக் காரியம் நடந்தது.

நான் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்து மிஷினில். இரும்பு சீவும்போது வரும் சுருளை எல்லோரும் சிப்ஸ் என்பார்கள். அது என் டூலில் முடி மாதிரி சுற்றிக்கொண்டது. சொல்லிக்கொடுத்தபடி நிறுத்தினேன், ரீசெட்டை அமுக்கினேன், டூலைத் தள்ளி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து கொக்கியால் இழுத்தேன். டூல்கள் எல்லாம் ஒரு வட்டத்தில் பொருத்தியிருக்கும். நீளமான டூல் ஒன்றில் மிச்சம் மாட்டியிருந்தது. வட்டத்தைச் சுழற்றி அதை முன்னால் கொண்டுவந்து அதையும் எடுத்தேன். கதவைச் சாத்தினேன். பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

சக் சுற்றவே இல்லை. அந்த நீளமான டூல் மட்டும் பாய்ந்து போய் நின்றுகொண்டிருந்த சக்கின் மேல் மோதியது. சத்தத்தில் என் பல் கூசியது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. அக்காதான் ஓடிவந்து சிவப்புப் பொத்தானில் அறைந்தார். அது போதாதென்று பின்னால் போய் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டார். திரை கறுத்துப்போனது. என்ன நடந்தது என்று காட்டக்கூடியது அந்தத் திரை ஒன்றுதான்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யாருக்கா ஓட்டுனது?"

எனக்கு வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

"நான்தான் சார்," என்றார் அக்கா. "அவ தண்ணி குடிக்கப் போனா, கொஞ்ச நேரம் பாத்துக்கன்னா. நான் ஸ்பீடு நாபை ஏத்தி வச்சிட்டேன்."

டூல் நகரும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுதான் அந்த நாப். நான் அதைத் தொடவே இல்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. ஆனால் நம்பும்படி இருந்தது. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள் மாதிரி நின்றேன்.

அடுத்த நாள் காலையில் எல்லா மிஷினிலும் ஸ்பீடு நாபைக் குறைந்த வேகத்தில் நிறுத்தி, சுற்றிலும் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. யாரும் திருப்பக் கூடாது என்று உத்தரவு. அக்காவை மிஷினிலிருந்து எடுத்து, கடைந்த வளையங்களின் விளிம்பில் இருக்கும் பிசிறை அரத்தால் ராவி எடுக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். கம்பெனியை விட்டு அனுப்பவில்லை, மேசையில் ஒழுங்காக இருந்தால் பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். எனக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் இனிப்பு வாங்கி வந்தார். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

உண்மையில் என்ன தப்பு நடந்தது என்று நாலைந்து நாளில் எனக்கே தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் ஒரு மிஷினை நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவதைப் பார்த்தேன். நிறுத்தினார், ரீசெட் அமுக்கினார், அதற்குப் பிறகு எடிட் என்ற இடத்துக்குப் போய் இன்னொரு முறை ரீசெட் அமுக்கினார். மிஷின் செய்ய வேண்டியதெல்லாம் திரையில் வரி வரியாக இருக்கும்; நடு வரியில் நின்றிருந்த குறி மேலே தலைக்கு, முதல் வரிக்குப் போயிற்று. அதன் பிறகுதான் பச்சை. நான் ஒரு முறை ரீசெட் அமுக்கினாலே எல்லாம் முதலிலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். அது நின்ற இடத்திலேயே நிற்கும், சக்கைச் சுற்றச் சொல்லும் மேல் வரிகளை விட்டுவிட்டு, எந்த டூல் முன்னால் இருக்கிறது என்று பார்க்காமல் அங்கிருந்தே பாயும். என் நோட்டை எடுத்துப் பார்த்தால் முதல் வாரமே எழுதி வைத்திருக்கிறேன், மற்ற நூறு விஷயங்களுக்கு நடுவில், கோழிக் கிறுக்கலாக.

அன்றிலிருந்து நான் ஒரு நாளும் மறந்ததில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. சொன்னால், உனக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். தப்பு நாபில்தான் என்று கம்பெனி முழுக்க டேப் ஒட்டியிருக்கிறதே.

அக்கா என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் யாராவது கேட்டால் அந்தக் கதையைச் சொல்வார். நாபை இப்படித் திருப்பினேன், கை வழுக்கியது, டூல் இப்படிப் போனது. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன விவரம் கூடும். எண்ணெய்க் கை, அதனால் வழுக்கியது என்பார். என்னைப் பார்த்து, "நீ வர்றதுக்குள்ள ஆயிடுச்சு இல்லடி?" என்று வேறு கேட்பார். நான் ஆமாம் என்பேன். கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான் தண்ணீர் குடிக்கத்தான் போயிருந்தேனோ?

ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் என்னிடம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதுகூட, உண்மையில் என்ன ஆச்சு என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் கேட்காததை நான் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

வில்லியனூர் தேர் அன்று பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. சூப்பர்வைசருக்கு ஆள் போதவில்லை. மேசையில் பிசிறு ராவிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

"நாபைத் தொட மாட்டியேக்கா?"

"தொட மாட்டேன் சார்."

அக்கா மிஷினுக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உதட்டை அசைத்துப் பொத்தான்களின் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் அவருக்கு எதிர்ப்பக்கம். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இரண்டு அடி நடந்தும் போனேன். என் மிஷினில் ஓட்டம் முடிந்து விளக்கு எரிந்தது. திரும்பிவிட்டேன். அதுதான் நாபில் டேப் ஒட்டியிருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு மேல் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது.

நான் ஓடினேன். நீளமான டூல் சக்கில் இடித்து வளைந்திருந்தது. டூல் வட்டமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கொக்கியில் சிப்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்த நாபைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, டேப்பு ஒட்டியுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"நான் இல்ல சார்," என்றார் அக்கா.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். "நாபத் தொடவே இல்ல சார். தோ பாருங்க, டேப்பு அப்டியே இருக்குது. எப்படி ஆச்சுன்னே தெரியல சார். நான் இல்ல."

சூப்பர்வைசர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? எல்லாத் தப்பையும் ஒப்புக்கொண்ட ஆள், கையும் களவுமாக மாட்டிய நாளில் இல்லை என்றால்? "போன தடவையும் நீதான், இந்தத் தடவையும் நீதான். மேனேஜருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கத்தினார். அக்கா முழு உடம்போடு ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பினார். யாராவது தனக்கு இதைப் புரியவைக்க மாட்டார்களா என்று தேடினார்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "நாப் இல்ல சார்," என்றேன். "ஸ்கிரீனப் பாருங்க. எடிட் போய் ரீசெட் பண்ணல. தலைக்குப் போவாம நடுவுலேர்ந்து ஓடியிருக்குது."

அவர் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. என் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. "நோட்டுல எழுதி வச்சிருந்தேன் சார்," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் மெதுவாகக் கையுறையைக் கழற்றினார். "மறந்துட்டேன் சார்," என்றார். அரை மணி நேரத்தில் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

டீ நேரம் பத்து நிமிஷம். நான் ஓடினேன். விழுப்புரம் ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் நிறுத்தத்தில் நின்றிருந்தார். தேருக்காகப் பேருந்துகளைத் திருப்பிவிட்டிருந்ததால் நேரமாகிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் ஓடி வந்திருந்தேன்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டன்டி, பயப்படாத," என்றார் அவரே. "ஆனா அன்னிக்கு இன்னா பண்ணன்னு எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம் இல்ல? நாபு நாபுன்னு நானே நம்பிக்கினு இருந்தேன்டி."

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் அவர் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். அடக்கிக்கொண்டு அன்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சிப்ஸ் சுற்றியது, நிறுத்தியது, ரீசெட், எந்த டூலைத் திருப்பினேன், எங்கே பச்சையை அமுக்கினேன் எல்லாம். என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் வகுப்பில் கேட்பது மாதிரியே கேட்டார். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காற்றில் விரலால் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தார்.

"நடுவுல நின்னா எடிட்டுக்குப் போவணும். ரீசெட்டு. தலைக்கு வந்துச்சான்னு பாக்கணும். அப்பறந்தான் பச்ச."

"ஆமாக்கா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்க்கா."

பேருந்து வந்தது. அவர் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு உடம்போடு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கம்பெனிக்குள் டீ நேரம் முடிந்து மணி அடித்தது. நான் ரோட்டைத் தாண்டி என் மிஷினுக்குப் போனேன்.